இடது பக்கக் கதவு

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், மாட்டவில்லை. கீறலுக்குக் குறுக்கே இழுக்கும்போது நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல் பூச்சோடு சரி, மெஷினில் பாலிஷ் போட்டால் தீர்ந்தது. மாட்டினால் ஆழம், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். பின் சக்கரத்துக்கு மேலே மாட்டவில்லை, பின்கதவில் மாட்டியும் மாட்டாமலும் ஒரு நெருடல், முன்கதவில் கைப்பிடிக்குப் பக்கத்தில் நன்றாகவே மாட்டியது. மாட்டட்டும். பதினேழு வருஷமாகத் திண்டுக்கல்லில் இந்த வத்தலக்குண்டு ரோட்டு ஷெட்டில் நகத்தை நம்பித்தான் சோறு சாப்பிடுகிறேன், அதற்காகவே நகம் கடிக்கிற பழக்கத்தை விட்டவன் நான். "வீட்டு கேட்ல ஒரசிருச்சு மச்சான், நாலு மணிக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை ஷெட் வாசலில் தகர நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி தங்கமாரியின் புருஷன், கதிரேசன். என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனாலும் வாங்க போங்கதான், அவர் உட்கார்ந்தால்தான் நான் உட்காருவேன், அவர் வண்டி வாசலில் வந்து நின்றால் உள்ளே எவன் வண்டி நின்றாலும் அது வெளியே போக வேண்டும். இன்றைக்கு ஒரு வக்கீல் வண்டியைச் சோப்பு நுரையோடு வெளியே தள்ளினேன், வக்கீல் வந்து என்ன சட்டம் பேசப்போகிறாரோ. பெண்ணைக் கொடுத்த வீடு, குனிந்துதான் போக வேண்டும் என்று அம்மா சொல்வாள். அதிலும் இது நாங்கள் சீராகக் கொடுத்த வண்டி. அரக்கு நிறம்தான் வேண்டும் என்று தங்கமாரி பிடிவாதம் பிடித்து வாங்கினாள், கல்யாணத்துக்கு முந்தின நாள் இதே ஷெட்டில் வைத்து முதல் பாலிஷ் போட்டவன் நான், இதில் என் கை படாத இடம் ஒரு விரல்கடை கிடையாது. கேட்டில் உரசிய கீறல் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

கேட்டில் உரசினால் கேட் பெயிண்ட் ஒட்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டு கேட் சாம்பல் நிறம், போன பொங்கலுக்கு நான்தான் சிபாரிசு பண்ணி ஆள் அனுப்பி அடித்தது, தொட்டாலே கையில் மாவு மாதிரி ஒட்டும் மட்டமான பெயிண்ட். இங்கே ஒரு பொட்டு சாம்பல் இல்லை. கேட் ஒரே உயரத்தில் நிற்கிற சாமான், அது போடுகிற கோடும் ஒரே உயரத்தில்தான் போக வேண்டும், இந்தக் கோடுகள் முன்கதவின் கைப்பிடியில் ஆரம்பித்து, பின்கதவில் சாய்ந்து, பின் சக்கரத்து வளைவுக்கு மேலே வந்து நின்றுவிடுகின்றன. மூன்று கோடு. ஒன்றுக்கொன்று ஒட்டி ஒட்டி. சரி, முள்ளாக இருக்கும், அவர் தோட்டத்துப் பாதையில் இரண்டு பக்கமும் கருவேலம்தான், ஒதுங்கிப் போகும்போது இழுத்திருக்கும் என்று ஷாம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டேன். ஆனால் முள் என்ன சீட்டு வாங்கிக்கொண்டு நடுவில் ஏறுமா? முள் இழுத்தால் முன் பம்பரிலிருந்து இழுக்கும், முன் சக்கரத்து மேலே இழுக்கும், கண்ணாடியைக் கூட விடாது. முன்பக்கம் முழுக்கக் குழந்தைக் கன்னம் மாதிரி கிடக்கிறது. கைப்பிடியில்தான் ஆரம்பம். கைப்பிடிக் குழிக்குள் எல்லா வண்டியிலும் கீறல் இருக்கும், மோதிரம் பட்டு, சாவி பட்டு, வளைசலாக நாலைந்து. அது கணக்கே இல்லை. இதில் குழிக்கு வெளியே, மேலேயும் கீழேயும், குறுக்கும் நெடுக்குமாக, குட்டை குட்டையாக இருபது முப்பது. யாரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆட்டியிருக்கிறார்கள். பிடித்த கையில் ஏதோ போட்டிருந்திருக்கிறார்கள். எனக்கென்ன, கீறலை எடுக்கச் சொன்னால் எடுப்பது என் வேலை, ஜாதகம் பார்ப்பது இல்லை. தண்ணீரை அடித்துக் கழுவினேன். நுரை வடிந்து போன பிறகு மூன்று கோடும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

மெஷின் ஓட்டுவதற்கு முன்னால் ரப்பர் பீடிங், கைப்பிடி, கண்ணாடி ஓரம் எல்லாவற்றிலும் டேப் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் காம்பவுண்ட் பசை போய் ரப்பரில் வெள்ளையாக ஏறி ஆயுசுக்கும் போகாது. முன்கதவுக் கண்ணாடிக்கு அடியில் ரப்பரைத் துடைக்கும்போது துணியில் எதுவோ குத்தியது. பச்சை. அரிசி அளவு. வளைந்த கண்ணாடித் துண்டு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கிறாரா என்று முதலில் பார்த்தேன், அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், ஏன் ஒளித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்புமாக எட்டு டஜன், மதுரையில் அலைந்து வாங்கி, பஸ் குலுக்கலில் உடைந்துவிடக் கூடாதென்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தது யார், நான்தானே. ஏழாம் மாசம், வளைகாப்பு முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். முழங்கை வரைக்கும் அடுக்கிக்கொண்டு, "கைய ஆட்ட முடியலண்ணே, நான் சாப்புடுறது எப்படி" என்று சிரித்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வளைகாப்பு போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதுதான் முறை. மாப்பிள்ளைதான், "நாள் சரியில்ல மச்சான், அமாவாசை கழிச்சு நானே கொண்டாந்து விடுறேன்" என்றார், வந்த வேனிலேயே வெறும் வேனாகத் திரும்பினோம். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சரி, வளையல் என்ன தங்கமாரி மட்டும்தான் போடுவாளா, வளைகாப்புக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும்தான் பச்சையும் சிவப்பும் கொடுத்தோம், எவளாவது ஏறும்போது இறங்கும்போது இடித்திருப்பாள். இடித்தால் ஒரு இடத்தில் இருக்கும் கீறல். வண்டி ஓடினால்தான் கோடாக நீளும். இதை நான் நினைக்கவில்லை, என் விரல்தான் கோட்டின்மேல் வைத்து நடந்து பார்த்துவிட்டு என்னிடம் சொல்லியது. விரலை எடுத்துவிட்டு டேப்பை ஒட்டினேன்.

பின்னாலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம், லேசான இடத்தில் கை பழகிக்கொண்டு ஆழமான இடத்துக்கு வர வேண்டும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காம்பவுண்டை நாலு பொட்டு வைத்து மெஷினைப் போட்டேன். மெஷின் ஓடுகிற வரைக்கும் நல்லது. அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், நான் நினைப்பது எனக்கே பாதிதான் கேட்கும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மூணு நாளா பிள்ள போனு போகல, நீ அடிச்சியா" என்றாள். அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பொம்பளை சொல்கிறாள், தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை. மாப்பிள்ளை வந்து இறங்கியதும் முதல் கேள்வி அதுதான் கேட்டேன், கேட்காமல் இல்லை, "தங்கமாரி போனு என்னாச்சு மாப்ள?" "தண்ணிக்குள்ள போட்டுட்டா மச்சான், ரிப்பேருக்குக் குடுத்திருக்கு." "நல்லா இருக்காளா?" "அவளுக்கென்ன, தின்னுட்டுத் தூங்குறா, இப்பக்கூட தூங்கிட்டுத்தான் இருந்தா, கதவச் சாத்திட்டு வந்தேன்." சிரித்தார், நானும் சிரித்தேன். மாசமாக இருக்கிறவள் தூங்கத்தானே செய்வாள். மெஷினை அழுத்த அழுத்த இரண்டு கோடு மங்கி, மூன்றாவது கோடு மயிரிழையாகி, பால் மாதிரி வடிந்த பசையைத் துணியால் துடைத்தபோது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இங்கே ஏன் கோடு இவ்வளவு தாழ்ந்து வந்தது? மேலே கைப்பிடி என் இடுப்பு உயரம். இங்கே என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பிடித்திருந்த கை போகப்போக ஏன் கீழே இறங்க வேண்டும்? யோசித்து முடிப்பதற்குள் கோடு இல்லை. இல்லாத கோட்டைப் பற்றி என்ன யோசிப்பது. பளபளவென்று இருந்தது, அந்தப் பளபளப்பைப் பார்த்து வழக்கமாக வருகிற ஒரு சந்தோஷம் இப்போதும் வந்தது, அதற்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பின்கதவு. இங்கே நகம் நெருடியதால் மூவாயிரம் நம்பர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் பளபளப்பு செத்து வெளிறிப்போகும், பிறகு மெஷின் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி ஆறு மாசத்தில் ஒருநாள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். இடது கை முட்டிக்கு மேலே கன்னிப்போய், சுற்றிலும் மஞ்சள் பாய்ந்து, நாலு விரல் தெரிந்தது. ஷெட்டுக்குத்தான் நேராக வந்தாள், வீட்டுக்குப் போகவில்லை. நான் அப்போது ஒரு டாக்சிக்கு மெஷின் போட்டுக்கொண்டிருந்தேன், கையை நீட்டி, "இதையும் ரப்பிங் போட்டு எடுத்து வுட்ருண்ணே, அம்மா பாத்தா அழும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தச் சிரிப்பு ஒரு வியாதி. நான் என்ன செய்தேன். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், சாயங்காலம் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். செம்பட்டியில் ஒரு இடத்தில் மட்டும், "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போ" என்றாள். நான் வேகமாக ஒன்றும் போகவில்லை. வாசலில் நின்று மாப்பிள்ளையிடம், "சின்னப்புள்ள மாப்ள, நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொன்னேன், அடித்தவனிடம் போய் அடி வாங்கியவளுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த ஒரே அண்ணன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன், இல்லை, நிறையப் பேர் இருப்பார்கள், எல்லோரும் என்னை மாதிரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் என்னிடம் காட்டவில்லை. கேட்டால் நல்லா இருக்கேன். எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன். நானும் நகத்தை வைத்துப் பார்க்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறதே போதும் என்று விட்டுவிட்டேன். பேப்பர் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்காமல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இப்படித் தேய்த்தால் புதிதாகக் கீறல் விழும், வேலை தெரிந்தவன் செய்கிற காரியமா இது. தண்ணீர் தெளித்தேன்.

"டீ சொல்லவா மச்சான்?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது, மெஷினை அணைக்காமலே தலையாட்டினேன், வேண்டாம் என்றும் இருக்கலாம் சரி என்றும் இருக்கலாம். அவரே எழுந்து உள்ளே வந்துவிட்டார். பக்கத்தில் நின்றார். செண்ட் வாசனை. வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி, வந்து இறங்கியபோதே பார்த்தேனா இப்போதுதான் பார்க்கிறேனா. "அம்சமா வந்துருச்சே" என்று பின்கதவைத் தடவினார், தடவிவிட்டு, "இந்த முன்கதவுதான் கொஞ்சம் அசிங்கமா இருக்குல்ல. இதுவும் சுத்தமாப் போயிருமா? பாத்தா தெரியாதுல்ல?" என்றார். மெஷினை அணைத்தேன். கேட்டுவிடு. இப்போது கேள். கேட் பெயிண்ட் எங்கே மாப்ள என்று கேள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, வேலைக்காரன் கேட்கிற கேள்விதானே. ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருந்து நான் கேட்டு, அவர் முகம் மாறி, மச்சான் என்னைச் சந்தேகப்பட்டான் என்று போய் அவள்மேல் காட்டினால்? ஏழாம் மாசத்தில் வயிற்றோடு இருக்கிறவள். கேட்பதாக இருந்தால் அவள் இந்தப் பக்கம் வந்த பிறகு கேட்கலாம், வியாழக்கிழமை அமாவாசை, வெள்ளி கழித்து வந்துவிடுவாள், நாலு நாள்தானே. இப்படித்தான் நான் எப்போதும் நாள் பார்ப்பேன். "தெரியாது மாப்ள" என்றேன். என் வாய்தான் சொன்னது, தொழில் பெருமையோடு வேறு சொன்னது: "நம்ம கை பட்டா கீறல் இருந்த இடம் வண்டிக்கே தெரியாது." அவர் சிரித்து என் தோளைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போனார். தட்டின இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டது, வேர்வையாக இருக்கும். நாளை காலையில் முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு போய்விடுவது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அம்மா கொடுத்ததென்று அதிரசமாவது கொடுத்துவிட்டு, எழுப்பி உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன் என்றாரே, பூட்டிவிட்டா? உள்ளே ஆள் தூங்கும்போது வெளியே எதற்குப் பூட்ட வேண்டும், சாத்திவிட்டு என்றுதான் சொன்னார், நானாக எதையாவது சேர்க்கக் கூடாது.

முன்கதவுக்கு வந்தேன். கோடுகள் கதவின் பின்விளிம்பிலிருந்து கைப்பிடி வரைக்கும் நாலு விரல்கடை, அதைத் தேய்த்து எடுத்து மெஷின் போட்டுத் துடைத்தாயிற்று, மிச்சம் கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண். விளிம்புக்குப் பக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும், அங்கே பெயிண்ட் மெலிசு, ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் உள்ளே இருக்கிற வெள்ளை வாயைத் திறந்துவிடும். அழுத்திவிட்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, வெள்ளை தெரிந்தால் வண்டியை நாலு நாள் இங்கேயே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், அவருக்கு ஏன் நாலு மணிக்குள் வேண்டும், எங்கே போகிறார் நாலு மணிக்கு மேல், நான் ஏன் அதைக் கேட்கவே இல்லை. மெஷின் சூடாகிவிட்டது, அதன் பஞ்சுப் பேடும் பசை ஏறிக் கட்டிதட்டியிருந்தது, வேறு மாட்ட வேண்டும். அணைத்துவிட்டுக் குனிந்து திருகைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் திடீரென்று அவ்வளவு அமைதி. வாசலில் மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தார், மெஷின் ஓடுகிற தைரியத்தில் ஆரம்பித்த பேச்சு, அதே உரத்த குரலில் வந்தது. "சொல்லுங்க நர்சம்மா. ஆமா, கதிரேசன்தான். இல்லைங்க, ஊசி போட அவ வரமாட்டா, அவ இங்க இல்ல. அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா, திண்டுக்கல்லு. வளைகாப்பு போட்டாச்சுல்ல, வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமையே போயிட்டா. நல்லா இருக்கா, நேத்துக்கூட போன்ல பேசுனேன். அங்கேயே போட்டுக்குவாங்க, நீங்க நோட்டுல எழுதிக்கங்க." அம்மா வீட்டில் நான்தான் மத்தியானம் சோறு தின்றேன். அம்மா வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள், ரசத்தை ஊற்றிக்கொண்டு பிள்ளையின் போன் போகவில்லை என்று சொல்லிக்கொண்டு. தூங்குகிறாள் என்று என்னிடம் சொன்ன வாய். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், இன்று செவ்வாய். ஐந்து நாள். ஐந்து நாளாக அவளை யாரும் போய்ப் பார்க்கவில்லை, அந்த ஊர் அவள் இங்கே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் அவள் அங்கே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், வண்டி ஒன்றுதான் தெரிந்து வைத்திருந்தது, அதையும் நான் பின்னாலிருந்து ஒவ்வொரு முழமாக, தொழில் சுத்தமாக, கை வலிக்க வலிக்கத் துடைத்துவிட்டேன். என் தங்கச்சி. மெதுவாகப் போகச் சொன்னாளே. எழுந்து நின்றேன். வண்டிச் சாவி என் பையில் இருந்தது. "என்ன மச்சான், சத்தத்தக் காணோம், முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனைப் பையில் போட்டபடி உள்ளே வந்தான். கைப்பிடியைச் சுற்றி மிச்சமிருந்த ஒரு சாணின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டேன். "முடியல." "கைய எடுங்க, பாப்போம்." "தங்கமாரி எங்கடா?" மூன்று வருஷத்தில் அந்த ஆளை நான் டா போட்டதில்லை, அதற்கு அவன் கோபப்பட்டிருக்க வேண்டும், என்ன மச்சான் இது என்றாவது கேட்டிருக்க வேண்டும், என் முகத்தையாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் கைக்கு அடியில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கதவைத்தான் பார்த்தான்.